பகல் தூக்கத்துக்குக் காவல்

எங்கள் சந்தில் ஓர் ஆம்பளை பகலில் படுத்துத் தூங்கினால் அந்த வீட்டு வாசற்படியில் முறத்தைக் கவிழ்த்து வைப்போம். யார் தொடங்கிவைத்த வழக்கமோ தெரியாது, நான் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபோதே இருந்தது. முறம் கவிழ்ந்திருந்தால் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் உள்ளே தூங்குகிறான் என்று அர்த்தம். கீரைக்காரி கூவ மாட்டாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடிக்க மாட்டான். பிள்ளைகள் கோலி ஆட வேறு இடம் பார்ப்பார்கள். ரயில் மட்டும் யாரையும் மதிக்காமல் கத்திக்கொண்டு போகும், அதை நாம் என்ன செய்ய முடியும்.

என் பெயர் ஆக்னஸ். எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சந்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். பகலில் வேலை, ராத்திரி குறட்டை, கொடுத்துவைத்த மனுஷர். நான் வீட்டிலிருந்தபடியே ஷூ கம்பெனிக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைத்துக் கொடுப்பேன். தைத்த தையலைச் சுத்தியால் தட்டிப் படியவைக்க வேண்டும். அந்தத் தட்டலால்தான் எனக்கும் பக்கத்து வீட்டு ஜெபகனிக்கும் முதல் சண்டை வந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் புருஷன் கிருபானந்தம் தோல் டேனரியில் டிரம் ஆள். தோலைச் சுண்ணாம்பும் மருந்தும் தண்ணீருமாக ஒரு பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றவிடுவார்கள். அது ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றும், பாதியில் விட்டால் தோல் கெட்டுப்போகும். அதனால் டிரம் ஆளுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் நைட் என்று மாற்றி மாற்றி வரும். சங்கு ஊதினால் போக வேண்டும், சங்கு ஊதினால் வர வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் தட்டாம இருக்கிறீங்களா, இப்பதான் கண்ணு அசந்தாரு" என்று ஜெபகனி வாசலில் வந்து நின்றாள். "உன் புருஷன் தூங்கினா என் வூட்ல அடுப்பு எரியக் கூடாதா?" என்று நான் கேட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் கிருபானந்தம் பல் விளக்க வெளியே வந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். கண் உள்ளே போய், கன்னம் வற்றி, ஒரு மாசம் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி இருந்தான். எனக்கே மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் தட்டுவதையெல்லாம் அவன் எழுந்த பிறகே வைத்துக்கொண்டேன்.

நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சபைக் கோயிலில் அவன் கனத்த குரலில் பாடினால் எங்கள் மாதா கோயில் ஆட்களே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் நைட் வாரம் வந்துவிட்டால் அவன் வேறு ஆள். சோறு குழைந்திருந்தால் தட்டு பறக்கும். பகலில் படுத்தால் தூக்கம் வராது, ராத்திரி டிரம் பக்கத்தில் நின்றால் தூக்கம் கண்ணைச் சுற்றும். உடம்பு இளைத்தது. சுண்ணாம்பு பட்டுக் காலில் வந்த புண் ஆறவேயில்லை. அப்புறம்தான் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது, கூடவே பிரஷரும் இருந்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஜெபகனி தனியாகப் போகப் பயந்தாள். நான் துணைக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர், வயசு கம்மி, முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். அவனிடம் என்ன வேலை, எப்போது தூங்குவாய், எப்போது சாப்பிடுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"உடம்புல கார்டிசால்னு ஒரு சுரப்பு இருக்குதும்மா. விடியறதுக்கு முன்னாடி அது தானா ஏறும், மனுஷனை எழுப்பி வேலைக்குத் தயார் பண்ணும். ராத்திரியில இறங்கிடும், அப்பதான் உடம்பு ஆறும். இவரு உடம்புக்கு எது ராத்திரி எது பகல்னே தெரியல. பழகறதுக்குள்ள அடுத்த வாரம் ஷிப்ட் மாறிடுது. ஏறக் கூடாத நேரத்துல அது ஏறி நிக்குது. அது ஏறினா சர்க்கரையும் ஏறும், பிரஷரும் ஏறும்."

"அதுக்கு மாத்திரை இருக்குதா டாக்டரம்மா?" என்று கிருபானந்தம் கேட்டான்.

"பகல் ஷிப்ட்தான் மாத்திரை. கம்பெனிக்கு நான் எழுதித் தர்றேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கணும். ஊசி போட்டா அரை மணியில சாப்பிட்டே ஆகணும், மறக்கக் கூடாது." அப்புறம் ஜெபகனி பக்கம் திரும்பினாள். "நல்லா தூங்க வைங்கம்மா. தூக்கமும் இவருக்கு மருந்துதான்."

ஜெபகனி அந்தக் கடைசிப் பேச்சைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். பள்ளிகொண்டாவில் கண்டக்டர் விசில் அடித்தபோது அவள் கையை நீட்டி அவன் காதை மூடினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படி ஒரு பைத்தியக்காரி இருப்பாளா என்று எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

சூப்பர்வைசர் அருணகிரி டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "ஆளாளுக்கு இப்படி வாங்கினு வந்தா ராத்திரி டிரம்மை நானா சுத்துவேன்? முடியலன்னா சொல்லு, வெளிய எத்தனையோ பேரு நிக்கறான்." மகன் ஜெயகரன் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். அவன் இந்த நாற்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதுதான் கிருபானந்தத்தின் ஒரே வைராக்கியம். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி டிரம் பக்கம் போய் நின்றான்.

போன வருஷம், எண்பத்தைந்தில், ரம்ஜான் அக்கினி வெயிலில் வந்தது. எங்கள் ஊர் டேனரிகளில் ஒரு பழக்கம் உண்டு. நோன்பு மாசத்தில் முஸ்லிம் ஆட்கள் கிறிஸ்தவ ஆட்களின், இந்து ஆட்களின் நைட்டை வாங்கிக்கொள்வார்கள். பகல் வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தோல் தூக்க முடியாது. நைட் என்றால் இடையில் தண்ணீர் குடிக்கலாம், விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டை அங்கேயே முடிக்கலாம். பெருநாளன்று கிறிஸ்தவ ஆட்கள் முஸ்லிம் ஆட்களின் ஷிப்டைப் பார்ப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இவர்களின் ஷிப்டைப் பார்ப்பார்கள். சூப்பர்வைசர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். கிருபானந்தத்தோடு மாற்றிக்கொள்வது அப்துல் சமத் பாய், சொந்த ஊர் மேல்விஷாரம், குடியிருப்பது எங்கள் பக்கத்துச் சந்து, அவனுக்கு இருபது வருஷ தோஸ்த்.

அந்த ஒரு மாசம் கிருபானந்தத்துக்குப் பகல் மட்டுமே. நான் சொல்கிறேன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பழைய மனுஷன் திரும்பி வந்தான். காலில் புண் காய்ந்தது. ராத்திரி படுத்தால் விடியும்போதுதான் எழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஊசி மருந்தைக் குறைத்தார்கள். ஜெபகனி சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்துப் பேசும் சத்தத்தை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். "அக்கா, இப்ப நீங்க எப்ப வேணா தட்டிக்கிங்க" என்று எனக்கு உத்தரவு வேறு கொடுத்தாள்.

பெருநாள் முடிந்ததும் சமத் பாய் தாமாகவே போய் அருணகிரியிடம் கேட்டார். "சார், எனக்கு நைட் பழகிப்போச்சு. கிருபாவோட நைட்டையும் நானே பாத்துக்கறேன், வருஷம் பூரா."

"நோன்பு முடிஞ்சிருச்சு பாய். மாத்தும் முடிஞ்சிருச்சு" என்றாராம் அருணகிரி. ஒருத்தனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். அவருக்கு மேலே ஒருத்தர், அந்த ஒருத்தருக்கு மேலே சரக்கு ஏற்றக் காத்திருக்கும் கப்பல் என்று எல்லாருக்கும் ஒரு சாக்கு இருந்தது. அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும், எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

மறுபடி நைட். மறுபடி தட்டு பறந்தது. வேலூர் போக லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் காலை நைட் முடித்த கையோடு, தூங்காமல், பஜாரில் இருக்கும் ஒரு டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தான். வெறும் வயிறா என்று கேட்டார்கள், ஆமாம் என்றான். ராத்திரி முழுக்க விழித்தாயா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வேலூர் டாக்டர் சொன்ன அந்தச் சுரப்பு அன்றைக்கு எங்கே ஏறி நின்றதோ, சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. பஜார் டாக்டர் ஊசி மருந்தை ஏற்றிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஏதோ கன்டெய்னர் அவசரம். சாயங்கால ஷிப்டுக்குப் போனவனை அப்படியே நைட்டுக்கும் நிறுத்திக்கொண்டார்கள். காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது வந்தான். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னா தம்பி, டபுளா?" என்றேன்.

"ஆமாக்கா. இன்னைக்கு நைட்டும் வரணுமாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஜெபகனி ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டான். இட்லி அடுப்பில் இருந்தது. அது வேகும் நேரத்துக்கு அப்படிச் சாய்கிறேன் என்று பாயில் சாய்ந்தவன் தூங்கிவிட்டான். அவள் தட்டோடு என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ஊசி போட்டாரு, சாப்பிடாம தூங்கிட்டாரு."

"எழுப்பிக் குடுடி, நின்னுனு கீறியே" என்று அதட்டினேன்.

போய் எழுப்பினாள். சுவர் வழியாக எல்லாம் கேட்டது. முதலில் கத்தினான். தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல் இறங்கியது. அந்தக் கனத்த குரல் பிள்ளை குரல் மாதிரி ஆகிவிட்டது. "தூங்க விடு ஜெபா. உன் கால்ல வேணா விழறேன். கொஞ்ச நேரம் தூங்க விடு." எவனும் பெண்டாட்டியிடம் சோற்றுக்குக் கெஞ்சுவான், காசுக்குக் கெஞ்சுவான், இவன் தூக்கத்துக்குக் கெஞ்சினான். அதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண்ணால் மறுபடி உலுக்க முடியும்? ஒரு வாய் இட்லி தின்றான் என்றுதான் அவள் அப்புறம் சொன்னாள். வாசற்படியில் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. கரண்ட் போய்விட்டது. தகர ஷீட் போட்ட வீடு, உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும். நடுவில் சினிமா விளம்பர ரிக்ஷா ஒன்று ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தது. நான் ஓடிப்போய் மறித்துக்கொண்டு, அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பினேன். எதிரே பட்டம்மாள் வீட்டில் மாவாட்டுவதை நிறுத்தினார்கள். சந்து முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, ஒரு மனுஷன் தூங்கட்டும் என்று.

நான் எட்டிப் பார்த்தேன். ஜெபகனி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டியது. அவள் முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"புரளாம தூங்கறாருக்கா. இப்படித் தூங்கி எவ்ளோ நாளாச்சு" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. சாமி, அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை. வெயிலுக்கு எல்லாரும் வேர்த்துப்போய் இருந்தோம். அவன் வேர்வை மட்டும் வேறு வேர்வை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் ரத்தத்தில் சர்க்கரை வற்றிக்கொண்டே போயிருக்கிறது. அவள் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மத்தியானம் சோறு வடித்துவிட்டு எழுப்பப் போனாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, எழுந்திருக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

நான் போய்த் தொட்டேன். பாய் நனைந்திருந்தது, உடம்பு சில்லென்று இருந்தது. சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். பல் கட்டிக்கொண்டு கடைவாய் வழியே வழிந்துவிட்டது. அவளும் நானும் கன்னத்தில் அறைந்தோம், பெயரைச் சொல்லிக் கத்தினோம். காலையிலிருந்து யாரும் போடாத சத்தத்தையெல்லாம் சேர்த்துவைத்துப் போட்டோம். சமத் பாய் நைட் முடித்துத் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர், கைலியோடு ஓடிவந்து, மண்டியில் நின்ற தோல் டெம்போவைப் பிடித்தார். உப்புத் தோல் நாற்றத்துக்கு நடுவில் அவனைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பஜார் டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார். கண் திறக்கவில்லை. அங்கிருந்து வேலூர் போனோம்.

அதே லேடி டாக்டர்தான் இருந்தாள். சர்க்கரை இல்லாமல் மூளை ரொம்ப நேரம் இருந்துவிட்டது என்றாள். மூச்சு மட்டும் சில நாள் ஓடியது. ஜெபகனி அவளிடம் சண்டை போடவில்லை. "நான் எழுப்பலையேம்மா, நல்லாதான் தூங்கவச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வாரக் கடைசியில் கிருபானந்தம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த பிறகு அருணகிரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள் பை. "முதலாளி பெரிய மனசு பண்ணிருக்காரு. பையனுக்கு அதே டிரம்ல வேலை போட்டுத் தர்றோம்" என்றார். ஜெயகரன் படிப்பு பாதியில் நின்றது. வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் வேறு வழி இருக்கவில்லை.

ஜெபகனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பகல்ல போடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"புது ஆளு நைட்லதாம்மா ஆரம்பிக்கணும். நைட்லதான் ஆள் கம்மி. ஒரு வருஷம் போவட்டும், பாக்கலாம்."

நான் அந்த ஆப்பிள் பையைத் தூக்கி அவர் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டேன். "இத உங்க வூட்ல எல்லாரும் ராத்திரி நல்லா தூங்கி எழுந்து சாப்புடுங்க சார்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜெயகரன் நைட்டுக்குத்தான் போனான்.

அவனுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இருபது வயசு, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பான். படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகாது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும். பிள்ளையின் மூக்கில் கைவைத்துப் பார்ப்பாள். அது போதாது. நெற்றியைத் தடவுவாள். அதுவும் போதாது. தோளைப் பிடித்து உலுக்குவாள். அவன் பதில் சொன்னால்தான் நகர்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிடுவாள்.

முதலில் அவன் பொறுத்துக்கொண்டான். அப்புறம் கத்தினான். ஒரு நாள் சட்டையை எடுத்துக்கொண்டு போய் ரயில்வே பிளாட்பார பெஞ்சில் படுத்தான். அவள் அங்கேயும் போய் எழுப்பினாள். இப்போது அவன் கண்ணும் உள்ளே போய்விட்டது. டிரம் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்குகிறான் என்று சமத் பாய் வந்து என்னிடம் சொன்னார். "டிரம்மைச் சுத்தற பெல்ட் பக்கம் சாயறான் ஆக்னஸ் அம்மா. எனக்கே பயமா கீது. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் போய்ப் போடாத சண்டை இல்லை. "ஏண்டி, புருஷனைத் தூங்கவிட்டு வாரிக்குடுத்த, புள்ளைய தூங்கவிடாம வாரிக்குடுக்கப் போறியா?" என்று கேட்டே விட்டேன். யாரும் கேட்கக் கூடாத பேச்சு அது. அவள் கோபப்படவில்லை.

"தெரியும்க்கா. அவன் தூங்கினாதான் நல்லா இருப்பான். டாக்டரம்மா சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா அவன் அசையாம படுத்திருக்கறதப் பாத்தா என்னால சும்மா இருக்க முடியல. நீங்க வேணா என் கையைக் கட்டிப்போடுங்க" என்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். நான் அந்தக் கைகளை இறக்கிவிட்டு என் வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலையும் அவன் வந்து படுத்தான். நான் சுத்தியை ஓரமாக வைத்துவிட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது விடுவாள் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"ஜெயா. டேய் ஜெயா."

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லடா. தூங்கு."